உயிர்ச்சத்தும் புரதமும்



சம்பா அறுவடை முடிந்த நாட்களில் தஞ்சை மாவட்டத்து ஊர்களுக்குள் நுழைவோர் கண்ணில் முதலிற் படுவது வைக்கோற்போர். வீட்டுக்கு வீடு, கொல்லைக்குக் கொல்லை, பொன்னிறக் குன்றுகளைப் போல அவை நிற்கும். நெல் விளையும் நாட்டில் மாட்டுக்கு வைக்கோல் பஞ்சமில்லை. ஆயினும் அப்போரின் நிழலிலேயே விலா எலும்பு தெரியக் கட்டப்பட்டிருக்கும் கன்றுகளையும் நாம் காண்கிறோம். வயிறு நிறைய வைக்கோல் தின்னும் கன்று ஏன் வளரவில்லை?

என் பழைய மாணவர் ஒருவர், இப்போது வேளாண்மை செய்பவர், சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியுடன் என்னிடம் வந்தார். "ஐயா, கன்று தேறவில்லை என்று பி வைட்டமின் கலந்த சத்து மருந்தை ஒரு மாதமாக ஊற்றுகிறேன். விலையும் அதிகம். பலன் ஒன்றும் தெரியவில்லை. மருந்து போலியாக இருக்குமோ?" என்று கேட்டார். "தொட்டியில் வேறு என்ன வைக்கிறாய்?" என்றேன். "வைக்கோலும் தண்ணீருந்தான்" என்றார். அவருக்கு அன்று நான் கூறிய விடையைச் சற்று விரித்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம். புரதம் குறைந்த உணவை உண்ணும் உயிருக்கு உயிர்ச்சத்தை மட்டும் கொடுத்தால் என்ன நிகழும் என்பதே பொருள். இது கன்றுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. சோற்றை மிகுதியாகவும் பருப்பைக் குறைவாகவும் உண்ணும் வீடுகளுக்கும் உரியது.

முதலில் இவ்விரண்டு சொற்களின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். தசை, தோல், குருதி, மயிர், செரிமான நீர்கள் ஆகிய யாவும் புரதத்தால் ஆனவை. நாம் உண்ணும் புரதம் குடலில் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளாகப் பிரிந்து, உடலுக்குள் மீண்டும் புதிய புரதங்களாகக் கோக்கப்படுகிறது. பி தொகுதி உயிர்ச்சத்துக்களோ உடலுக்குள் நடக்கும் வேலைகளுக்கு உதவும் பொருள்கள். பி1 என்னும் தயமின் மாவுச்சத்திலிருந்து ஆற்றலை எடுக்க உதவுகிறது. பி6 என்னும் பிரிடாக்சின் ஒரு அமினோ அமிலத்தை மற்றொன்றாக மாற்ற உதவுகிறது. ரிபோஃபிளேவின், நியாசின், ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றுக்கும் தனித்தனி வேலைகள் உண்டு. புரதம் நாளொன்றுக்குப் பல கிராம் வேண்டும். இவை மில்லிகிராம் அளவிலும் அதற்குக் குறைந்த அளவிலுமே போதும்.

நடவு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்று புரதம், நடவாட்கள் உயிர்ச்சத்து. நாற்று மலைபோலக் குவிந்திருந்தும் ஆட்கள் வராவிடில் அது வரப்பிலேயே வாடும். ஆட்கள் வந்து நின்றும் நாற்று இல்லாவிடில் வயல் வெறுமையாகவே கிடக்கும். இரண்டாவது நிலையில் மேலும் பத்து ஆட்களை அழைத்து வருவதால் பயன் என்ன?

உயிர்ச்சத்து என்ற ஒன்று உண்டு என்பதை உலகம் அறிந்தது அரிசியின் வாயிலாகத்தான் என்பது நம் நாட்டு மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி. ஜாவாத் தீவில் பணியாற்றிய ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், 1890ஆம் ஆண்டையொட்டி, தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தள்ளாடி விழுவதைக் கண்டார். பெரிபெரி நோயாளிகளின் நரம்புத் தளர்ச்சியை அது ஒத்திருந்தது. அக்கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டு வந்தது. பின்னர் வந்த புதிய சமையற்காரர், இராணுவத்துச் சோற்றை வெளிக்கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் நலமடைந்தன. அரிசியைத் தீட்டும்போது நீங்கும் தவிட்டில் நோயைத் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது என்பது இவ்வாறு புலப்படலாயிற்று. உணவில் ஒரு பொருள் குறைவதே நோய்க்குக் காரணம் என்று 1901இல் தெளிவாக எடுத்துரைத்தவர் அவருக்குப் பின் அங்கே பணியாற்றிய கிரைன்ஸ். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த காட்சியில் தமிழர்களே வருகின்றனர். நாகப்பட்டினத்துறையில் கப்பலேறி மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குச் சென்றவர்களுள் தஞ்சைப் பகுதி மக்களும் பலர். அந்நாட்டில் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களிடையே பெரிபெரி பரவி உயிர்களைக் கொண்டுசென்றது. தமிழர்களிடையே அது மிக அரிதாயிருந்தது. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. இவ்வேறுபாட்டைப் பிராடன் என்னும் மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். பின்னர் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் சுமார் 300 ஜாவாத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் வழங்கிச் சோதித்தனர். நோய் கண்டது பச்சரிசிப் பிரிவில்தான்.

நம் பாட்டிமார் நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தியபோது நடந்தது இதுதான்: நெல்லின் முளையிலும் மேலுறையிலும் உள்ள பி1 நீரிற் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. பின்பு ஆலையில் தவிட்டை நீக்கினாலும் அதில் ஒரு பங்கு அரிசியிலேயே தங்கிவிடுகிறது. அவிக்காத நெல்லை வெள்ளையாகத் தீட்டும்போதோ அதன் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. இந்தப் பி1இன் வேதி அமைப்பைக் கண்டறிந்து 1936இல் அதைச் செயற்கையாக ஆக்கிக்காட்டிய அமெரிக்க அறிஞர் இராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில்.

இவ்வாறு ஒரு துளி மருந்தால் கிடந்த புறா எழுந்து நடக்கக் கண்டவர்கள், உணவுக் குறை எல்லாவற்றையும் உயிர்ச்சத்தே தீர்த்துவிடும் என்று எண்ணத் தலைப்பட்டதில் வியப்பில்லை. அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டிய இடம், அரிசியை நம்பி வாழும் நம் நாடே.

நீலகிரியிலுள்ள குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் நடத்திய உணவு ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. அவருடைய ஆய்வுக்கூடம் பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் வெள்ளெலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். பிரிவுக்கு 20 எலிகள், ஏழு பிரிவுகள். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். அரிசியே மிகுந்த சென்னை மாகாணத்து உணவை உண்டவை 155 கிராம். ஏழு பிரிவுகளிலும் கடைசி இடம் நம்முடையதே.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வுணவுகள் இரண்டும் ஒரு பொருளில் மட்டும் வேறுபட்டவையல்ல. சென்னை உணவில் பாலும் குறைவு, நல்ல புரதமும் குறைவு, சுண்ணாம்புச்சத்தும் குறைவு, உயிர்ச்சத்துக்களும் குறைவு. ஆகவே எடைக் குறைவுக்கு இன்னதுதான் காரணம் என்று இச்சோதனையைக் கொண்டு கூற இயலாது. மக்காரிசனுக்குப் பின் 1935இல் குன்னூர் ஆய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்ற அய்க்ராய்டும் அவருடைய துணைவர்களும் அரிசி உணவோடு கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர், வளர்ச்சி மேம்பட்டது. ஆயின் அப்பாலிலும் புரதம், சுண்ணாம்பு, ரிபோஃபிளேவின் ஆகிய மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. எது எவ்வளவு உதவியது என்று அறிய, ஒவ்வொன்றையும் தனியே பிரித்துச் சோதிக்க வேண்டும்.

அதற்கான முறை எளிது. இளம் எலிகளை நான்கு கூண்டுகளில் விடுகிறோம். இளம் எலி நன்கு வளர, அதன் உணவில் பாலிலிருந்து எடுத்த கேசின் என்னும் புரதம் நூற்றுக்கு 20 பங்கு அளவில் இருப்பது வழக்கம். முதற் கூண்டில் கேசின் 5 பங்கு மட்டும். பி உயிர்ச்சத்து இல்லை. இரண்டாவதில் அதே 5 பங்கு, உயிர்ச்சத்து உண்டு. மூன்றாவதில் 20 பங்கு, உயிர்ச்சத்து இல்லை. நான்காவதில் இரண்டும் நிறைவாக உண்டு.

நான்காம் கூண்டு நன்கு வளரும். மூன்றாம் கூண்டு சில வாரங்களிலேயே பசியற்று, எடை குறைந்து, நரம்பு தளரத் தொடங்கும். நல்ல புரதம் முன்னே இருந்தும் அதைப் பயன்கொள்ள உடலுக்கு வழியில்லை. முதற் கூண்டோ இரு குறைகளையும் ஒருங்கே பட்டு நலியும். நம் கேள்விக்கு விடை இருப்பது இரண்டாம் கூண்டில். அந்த எலிகளுக்குப் பெரிபெரி வாராது. பசியும் ஓரளவு இருக்கும். ஆனால் அவை வளரமாட்டா. உயிர்ச்சத்தை இரு மடங்காக்கினாலும் வளரமாட்டா. தேவைக்கு மேற்பட்ட பி1, ரிபோஃபிளேவின் ஆகியவை பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும்.

ஏன் இவ்வாறு என்பதற்கு உடலியல் தரும் காரணங்கள் சுவையானவை. உடலிலுள்ள ரிபோஃபிளேவினில் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்தே நிற்கிறது. புரதம் குன்றி உடலின் தசையே கரையும் காலத்தில், பிணைத்து வைக்க இடமின்றி ரிபோஃபிளேவின் சிறுநீரில் மிகுதியாக வெளியேறுகிறது. நியாசினின் கதை வேறு. உடல் அதை டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஓரளவு தானே ஆக்கிக்கொள்ளவும் வல்லது. சுமார் 60 மில்லிகிராம் டிரிப்டோஃபானிலிருந்து 1 மில்லிகிராம் நியாசின் கிடைக்கும். எனவே நல்ல புரதம் உண்பவனுக்கு நியாசின் தட்டுப்பாடு எளிதில் வாராது. புரதமும் குறைந்தவனுக்குத் தேவை கூடிவிடும். பி6 இதற்கு நேர்மாறு. உண்ணும் புரதம் மிகும்போது அதன் தேவையும் மிகும்.

அப்படியானால் புரதம் குறைந்த உணவில் உயிர்ச்சத்தைச் சேர்ப்பது வீண் என்று முடிவு கட்டலாமா? கூடாது. இரண்டு சான்றுகளைப் பாருங்கள். குறைபட்ட உணவை உண்ணும் எலிகளின் கல்லீரலில் கொழுப்புத் தேங்குவதுண்டு. கோலின் என்னும் பொருள் அதைத் தடுக்கும் என்று 1932இல் கனடாவில் பெஸ்ட், ஹண்ட்ஸ்மன் என்பார் கண்டனர். கோலினை முன்னாளில் பி தொகுதியோடு சேர்த்தே எண்ணினர். மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்ட புரதமும் இதே உதவியைச் செய்யும் என்று பின்னர் தெரியவந்தது. ஆகவே கோலின் கல்லீரலைக் காக்கும்; ஆனால் புரதம் செய்யும் மற்ற வேலைகளை அது செய்யாது.

இரண்டாவது சான்று கோழிக்குஞ்சு. பயற்றுப் புரதத்தை மட்டும் தின்ற குஞ்சுகள் போதிய வளர்ச்சி பெறவில்லை. சிறிது மீன்தூள் சேர்த்தால் வளர்ந்தன. மாமிசப் புரதத்தில் மட்டும் உள்ள ஏதோ ஒன்று வேண்டும் என்று அறிஞர் கருதினர். 1948இல் பி12 தனியே பிரித்தெடுக்கப்பட்டபின், அந்த ஏதோ ஒன்றில் முதன்மையானது பி12 என்று விளங்கிற்று. அதைச் சேர்த்ததும் பயற்றுத் தீனியின் மதிப்பு உயர்ந்தது. இங்கே நாற்று இருந்தது, ஆள் குறைவாயிருந்தது. ஆள் வந்ததும் நடவு நடந்தது.

எது குறைகிறது என்று அறியாமல் மருந்து தேடினால் விளையும் கேட்டுக்கு மனித வரலாற்றிலும் சான்று உண்டு. இன்று கானா எனப்படும் ஆப்பிரிக்க நாட்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், பால் மறந்து மக்காச்சோளக் கஞ்சியிலேயே வளர்ந்த குழந்தைகளிடம் ஒரு நோயைக் கண்டு 1933இல் எழுதினார். கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிய அக்குழந்தைகள் பலர் இறந்தனர். 1935இல் அந்நாட்டார் வழங்கிய குவாஷியோர்கர் என்ற பெயரையே அந்நோய்க்கு அவர் இட்டார். அது நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயே என்று வாதிட்டவர்கள் இருந்தனர். உயிர்ச்சத்து மருந்தால் மட்டும் அக்குழந்தைகள் தேறவில்லை. பால் உணவு பலருக்கு உதவியது. நம் நாட்டில் 1950களில் இந்நோயை ஆராய்ந்தவர்களுள் கோபாலன், இராமலிங்கசுவாமி ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள்.

இனி நம் கன்றுக்குத் திரும்புவோம். எலியும் கோழியும் மனிதனும் ஒரு வகை. மாடு வேறொரு வகை. மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய நொதிக்கலம். அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை வைக்கோலின் நாரைச் சிதைத்து மாட்டுக்கு உணவாக்குகின்றன. அதோடு பி உயிர்ச்சத்துக்களையும் தாமே ஆக்கித் தருகின்றன. பி12 ஆக்குவதற்குத் தீனியில் சிறிதளவு கோபால்ட் என்னும் உலோகச்சத்து இருந்தால் போதும். ஆகவே அசைபோடத் தொடங்கிவிட்ட நலமான மாட்டுக்குப் பி உயிர்ச்சத்தை வெளியிலிருந்து ஊட்டவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

ஆனால் அந்நுண்ணுயிர்களும் உயிர்கள்தாமே! அவை பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும். தீனியில் புரதம் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்குக்குக் கீழே போனால் அவற்றின் வேலை தளர்ந்துவிடும். நெல் வைக்கோலில் இருப்பது 3, 4 பங்கு மட்டுமே. வேலை தளர்ந்தால் வைக்கோல் வயிற்றில் நெடுநேரம் தங்கும். மாடு தின்பதும் குறையும். என் மாணவரின் கன்றுக்கு நேர்ந்தது இதுவே. அவர் வாங்கிய மருந்து போலியன்று. நாற்றில்லாத வயலுக்கு அவர் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்.

பரிகாரம் நம் ஊர்களிலேயே இருக்கிறது. கடலைப் பிண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல். தவிட்டில் 12 பங்கு அளவில் உண்டு. அகத்தியும் பயற்றங்கொடியும் நல்ல பசுந்தீனிகள். 100 கிலோ வைக்கோலுக்குச் சுமார் 4 கிலோ யூரியாவை நீரில் நன்கு கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்துப் பக்குவப்படுத்தும் முறையும் உண்டு. அதனால் வைக்கோலின் நைட்ரஜன் அளவு ஏறத்தாழ இரு மடங்காகிறது, நாரும் இளகுகிறது. யூரியா மிகுந்தால் நஞ்சு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு அது ஆகாது. ஆதலால் கால்நடை மருத்துவரிடம் முறையாகக் கற்றே இதைச் செய்தல் வேண்டும். மிக இளங்கன்றுக்கு முதல் வயிறு இன்னும் முதிர்ந்திராது. அதற்குத் தாய்ப்பாலே உணவு. குடற்புழு முதலிய பிற காரணங்களாலும் கன்று மெலியலாம் என்பதையும் மறத்தலாகாது.

நம் உணவுக்கும் இக்கணக்கு பொருந்தும். ஆனால் நமக்கு மாட்டின் முதல் வயிறு இல்லை. ஆகவே புரதம், உயிர்ச்சத்து இரண்டையும் உணவிலிருந்தே பெறவேண்டும். அரிசியில் புரதம் நூற்றுக்கு 7 பங்கு அளவில் உண்டு. அதில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் புரதம் 20 பங்குக்கு மேல்; லைசினும் மிகுதி. சோற்றோடு பருப்பைச் சேர்த்துண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. புழுங்கலரிசியை மிகுதியாகக் களையாமலும் கஞ்சியைக் கொட்டாமலும் இருந்தால் பி1இல் ஒரு பகுதி காக்கப்படும். பி12 மட்டும் செடியுணவில் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றிலிருந்தே பெறவேண்டும்.

இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை சேர்த்த செறிவூட்டிய அரிசியை அரசுத் திட்டங்களின் வழியே வழங்கப்போவதாக 2021இல் மைய அரசு அறிவித்தது. அதன்பின் நியாயவிலைக் கடைகளிலும் பள்ளிச் சத்துணவிலும் அது இடம்பெற்றது. அவ்வரிசியைக் கண்டவர்கள் சிலர், "எல்லாச் சத்தும் இதிலேயே வந்துவிட்டதே, இனிப் பருப்பு எதற்கு?" என்று கேட்டதை நான் அறிவேன். அதில் சேர்க்கப்பட்டவை மில்லிகிராம், மைக்ரோகிராம் கணக்கிலானவை. புரதம் அதில் கூடவில்லை. சத்துணவுத் தட்டில் சாம்பாரும் முட்டையும் இருப்பதன் காரணத்தை, அதை உண்ணும் பிள்ளைகளே தம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லலாம்.

காவிரிப் படுகையின் உழவர் நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு வேலை இங்கே நினைவுக்கு வருகிறது. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன், நெற்பயிர் நிற்கும் ஈர வயலிலேயே உளுந்தையும் பச்சைப் பயற்றையும் தெளித்துவிடுவார்கள். நெல் அறுத்த தாளிடையே, மிஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயறு முளைத்து விளையும். பயறு வீட்டுக்கு, கொடி மாட்டுக்கு. அரிசிக்குக் குறைவதும் வைக்கோலுக்குக் குறைவதும் அந்த ஒரே வயலிலிருந்து வந்துவிடுகின்றன.

என் மாணவர் அடுத்த தை மாதம் தம் வயலில் உளுந்து தெளித்தார். கன்றுக்கு நாள்தோறும் பிண்ணாக்குக் கரைத்து வைத்தார். மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு மருந்தும் கொடுத்தார். சில மாதங்களுக்குப் பின் நான் அவ்வழியே சென்றபோது கன்றின் விலா எலும்பை எண்ண முடியவில்லை.